கடைசியில் பேசுபவருக்கே லாபம்! போக்கரில் இடமா, கட்டாயப் பந்தயமா? ஊட்டி ஸ்னூக்கர் முதல் ஐகோர்ட் வழக்கு வரை... முழு விளக்கம்

ஊட்டிக்கு டூர் போகிற பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஆடப்படும் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது அங்கேதான். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882-ல்.

ஸ்னூக்கரில் முதல் ஷாட் அடிப்பவருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அடிக்காமல் 'பாஸ்' சொல்ல முடியாது. வெள்ளைப் பந்தால் சிவப்புப் பந்தைத் தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் ஃபவுல். தொட்டால் பந்துகள் கலையும். எதிராளி அதைப் பார்த்துவிட்டு தன் ஆட்டத்தைத் தொடங்குவார்.

ஒருவருக்குக் கட்டாயம், இன்னொருவருக்குப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இழுபறியைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் காட்டிய ஆட்டம் இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் தடை, வழக்கு, தீர்ப்பு என்று பல வருடமாகச் செய்தியில் அடிபடும் போக்கர்தான் அது.

போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்று கோர்ட்டில் வாதாடினார்கள். ஆனால் சீட்டைத் தாண்டி, உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே ஒரு மதிப்பு இருக்கிறது. அது எவ்வளவு, அதனால் யாருக்கு லாபம் என்பதைப் பார்க்கலாம்.

ஹெட்ஸ்-அப் லிமிட் போக்கர் என்றால் என்ன?

இரண்டே பேர் ஆடினால் அது 'ஹெட்ஸ்-அப்'. ஒரு சுற்றில் எவ்வளவு கட்டலாம் என்பது முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அது 'லிமிட்'. கையில் இருப்பதை மொத்தமாகத் தள்ளும் சினிமா காட்சியெல்லாம் இதில் கிடையாது.

இங்கே ரூபாய் வேண்டாம், டோக்கனிலேயே பார்ப்போம்.

* ஆளுக்கு 2 சீட்டு, கவிழ்த்துத் தரப்படும்.
* நடுவில் 5 பொதுச் சீட்டு வரும். முதலில் 3 (ஃப்ளாப்), பிறகு 1 (டர்ன்), கடைசியாக 1 (ரிவர்).
* இந்த 7 சீட்டில் சிறந்த 5 சீட்டுக் கூட்டணி யாரிடமோ, அவர் ஜெயித்தார்.
* மொத்தம் 4 பந்தயச் சுற்று. முதல் 2 சுற்றில் ஒவ்வொரு பந்தயமும் 10 டோக்கன். கடைசி 2 சுற்றில் 20 டோக்கன்.
* ஒரு சுற்றில் அதிகபட்சம் 4 முறைதான் பந்தயம் ஏறலாம்.

நடுவில் சேரும் மொத்தத் தொகைக்குப் பெயர் 'பாட்'. எதிராளி சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினாலும் பாட் நமக்குத்தான்.

கட்டாயப் பந்தயம் எதற்கு?

சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவரும் ஒரு தொகை வைத்தாக வேண்டும். டீலராக இருப்பவர் 5 டோக்கன் வைப்பார். இது சின்ன பிளைண்ட். மற்றவர் 10 வைப்பார். இது பெரிய பிளைண்ட்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். நம்ம ஊர் மூணு சீட்டில் 'பிளைண்ட்' என்றால் சீட்டைப் பார்க்காமல் தொடர்ந்து ஆடுவது. அது ஆடுபவரின் விருப்பம். போக்கரில் பிளைண்ட் என்பது விருப்பம் அல்ல, கட்டாயம். மூணு சீட்டில் எல்லாரும் முதலில் போடும் 'பூட்' காசுக்குத்தான் இது நெருக்கம்.

இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நல்ல சீட்டு வரும்வரை இருவரும் ஒதுங்கிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டமே நடக்காது. நடுவில் ஏற்கெனவே 15 டோக்கன் கிடப்பதால்தான் அதற்காகச் சண்டை போட ஒரு காரணம் கிடைக்கிறது.

இடம் ஏன் பலம்?

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்கள். போக்கர் படை வகை.

சீட்டு போட்டதும் முதல் சுற்றில் மட்டும் டீலர் முதலில் பேச வேண்டும். அதன்பிறகு வரும் 3 சுற்றிலும் அவர்தான் கடைசி. எதிராளி பந்தயம் கட்டினாரா, சும்மா 'செக்' சொன்னாரா என்று பார்த்துவிட்டு அவர் முடிவெடுக்கலாம்.

மேட்டுப்பாளையம் மண்டியை நினைத்துப் பாருங்கள். நீலகிரியிலிருந்து கேரட் மூட்டை இறங்குகிறது. லாரி வாடகை ஏற்கெனவே போய்விட்டது. திரும்ப ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. அது கட்டாயப் பந்தயம் மாதிரி. விலையை முதலில் சொல்ல வேண்டியவரும் விவசாயியே என்றால், வியாபாரிக்குக் கேட்டுவிட்டுப் பேசும் வசதி. இந்த இரண்டும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் எப்படியோ, அப்படித்தான் ஃப்ளாப்புக்குப் பிறகு பெரிய பிளைண்ட் கட்டியவரின் நிலை.

சீட்டில் ஒரு உதாரணம். ஃப்ளாப் வந்ததும் டீலரிடம் ஒரே இனத்தில் 4 சீட்டு சேர்ந்திருக்கிறது. இன்னும் ஒன்று வந்தால் 'ஃப்ளஷ்'. பாக்கி இருக்கும் 2 சீட்டில் அது வர வாய்ப்பு சுமார் 35%.

எதிராளி செக் சொல்கிறார். டீலர் 10 டோக்கன் கட்டுகிறார். எதிராளிக்கு லேசாகப் பயம் வருகிறது. 10 வைத்துத் தொடர்ந்தாலும், டர்னில் மறுபடி செக் சொல்கிறார். தேவையான சீட்டு டர்னில் வரவில்லை என்றால் டீலரும் செக் சொல்லி, ரிவர் சீட்டை இலவசமாகப் பார்த்துவிடலாம்.

டர்னில் பந்தயம் 20. ஃப்ளாப்பில் 10 செலவழித்து அந்த 20-ஐத் தவிர்த்துவிட்டார். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் இந்த வேலை நடக்காது. நாம் செக் சொன்னதும் எதிராளி 20 கட்டிவிட்டால் கதை முடிந்தது.

பெரிய பிளைண்டுக்குக் கிடைக்கும் 'தள்ளுபடி'

அப்படியானால் பெரிய பிளைண்ட் கட்டியவருக்கு எதுவுமே சாதகம் இல்லையா? இருக்கிறது.

டீலர் முதல் சுற்றிலேயே 20-ஆக ஏற்றுகிறார் என்று வைப்போம். எதிராளி ஏற்கெனவே 10 வைத்திருக்கிறார். பாட்டில் இப்போது 30. இன்னும் 10 போட்டால் ஆட்டத்தில் தொடரலாம். அதாவது 30-ஐ ஜெயிக்க 10 செலவு. நான்கு முறையில் ஒருமுறை ஜெயித்தாலே முதலுக்கு மோசமில்லை. தேவை வெறும் 25%.

டீலர் கையில் ஏதோ ஒரு சீட்டு என்று வைத்துக்கொண்டால், மோசமான சீட்டு என்று எல்லாரும் சொல்லும் 7-2 கூட ஏறக்குறைய 35% ஜெயிக்கும். 'அப்புறம் என்ன, எல்லாச் சீட்டையும் ஆட வேண்டியதுதானே?' என்று தோன்றும்.

சிக்கல் இங்கேதான். அந்த 35% என்பது கடைசிச் சீட்டு வரை இருந்தால் கிடைப்பது. ஆனால் நடுவில் இன்னும் 3 சுற்று இருக்கிறது. மூன்றிலும் அவரே முதலில் பேச வேண்டும். செக் சொன்னால் டீலர் கட்டுவார். எதுவும் சேராத சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை முறை 10-ம் 20-ம் போட முடியும்? பாதியிலேயே ஒதுங்க வேண்டி வரும். காகிதத்தில் இருக்கும் 35% கைக்கு வரும்போது குறைந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், கட்டாயப் பந்தயம் மட்டமான சீட்டோடும் உள்ளே இழுக்கிறது. இடம் அந்தச் சீட்டை நடுவழியில் வெளியே தள்ளுகிறது.

எது பெரிசு? கம்ப்யூட்டர் சொன்ன விடை

இது வெறும் வாய்ப்பேச்சாக இருந்த காலம் 2015 ஜனவரியில் முடிந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங், நீல் பர்ச், மைக்கேல் ஜோஹன்சன் ஆகியோரும், ஃபின்லாந்தின் ஓஸ்காரி டம்மலினும் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹெட்ஸ்-அப் லிமிட் போக்கருக்கு ஏறக்குறைய முழுமையான விடை கண்டுபிடித்துவிட்டோம் என்பதுதான் அது. அந்த புரோகிராமின் பெயர் செஃபியஸ்.

விடை இதுதான்: இருவரும் துளி தப்பில்லாமல் ஆடினால் டீலருக்கே லாபம். ஒரு ஆட்டத்துக்குப் பெரிய பிளைண்டில் ஆயிரத்தில் 88 முதல் 90 பங்கு வரை. நம் உதாரணத்தில் பெரிய பிளைண்ட் 10 டோக்கன். அப்படியானால் டீலரின் லாபம் ஆட்டத்துக்கு சுமார் 0.88 டோக்கன்.

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம்.

* பெரிய பிளைண்ட் கட்டியவர் ஒவ்வொரு முறையும் ஒதுங்கினால் ஆட்டத்துக்கு 10 டோக்கன் நஷ்டம். தப்பில்லாமல் ஆடினால் நஷ்டம் 0.88 மட்டுமே. அதாவது 9.12 டோக்கனைப் போராடி மீட்டுவிடுகிறார்.
* டீலர் ஒவ்வொரு முறையும் ஒதுங்கினால் 5 டோக்கன் நஷ்டம். சரியாக ஆடினால் அந்த 5-ம் திரும்பி, மேலே 0.88-ம் வருகிறது. அவர் மீட்பது 5.88.

கட்டாயமாக வைத்த 10 டோக்கன் அப்படியே தொலைந்து போவதில்லை. அதில் பெரும்பகுதியைத் 'தள்ளுபடி' வழியாகத் திரும்ப எடுக்க முடிகிறது. ஆனால் முழுதாக எடுக்க முடியவில்லை. முதல் சுற்றில் கடைசியாகப் பேசும் ஒரு வசதி, மற்ற 3 சுற்றில் முதலில் பேசும் கஷ்டத்தையும் கூடுதலாக வைத்த 5 டோக்கனையும் ஈடுகட்டவில்லை.

கட்டாயப் பந்தயமும் இடமும் ஒரே ஆளுக்கு எதிராக வேலை செய்வதால், இந்த 0.88-ல் இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று கத்தரித்துப் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்த விலை அது.

செஃபியஸ் ஆடும் விதத்திலும் இது தெரிகிறது. டீலராக இருக்கும்போது 5 டோக்கன் மட்டும் சேர்த்துச் சும்மா தொடர்வது அதற்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒன்று ஏற்றும், இல்லையென்றால் ஒதுங்கும். சும்மா தொடர்வது வெறும் 0.06% தான். பெரிய பிளைண்ட் கட்டும்போதோ, மனிதர்கள் தூக்கிப்போடும் பல சீட்டுகளையும் அது ஆடுகிறது. மேலே சொன்ன தள்ளுபடிக் கணக்கு அதற்கும் தெரிகிறது!

இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள்?

இந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 3-க்குப் பின்னால் 17 பூஜ்ஜியம் போடும் அளவு. செஃபியஸ் தனக்குத்தானே ஆடிப் பழகியது. ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் 'வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும்' என்று குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும். 4,800 புராசசர்கள், 68 நாள்.

'ஏறக்குறைய முழுமை' என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோலும் வேடிக்கையானது. ஒருவர் மணிக்கு 200 ஆட்டம், தினமும் 12 மணி நேரம், ஒருநாள் லீவு இல்லாமல் 70 வருடம் ஆடினாலும், செஃபியஸை வெல்ல முடிந்தது என்று நம்பிக்கையோடு நிரூபிக்க முடியாது.

முறை மாறினால் சமம்தானே?

ஆமாம். ஹெட்ஸ்-அப் போக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டீலர் மாறுவார். இந்த முறை 0.88 வந்தால் அடுத்த முறை 0.88 போகும். கூட்டினால் பூஜ்ஜியம்.

ஊட்டி ஸ்னூக்கர் கதையிலும் இதே வழிதான். 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஸ்னூக்கரை ஆடத் தொடங்கினார். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. ஊட்டிக்கு மாற்றலாகி வந்த பிறகு விதிகள் எழுத்தாகின. இன்றைய ஸ்னூக்கரில் முதல் ஷாட் ஒரு ஃப்ரேமுக்கு ஒருவர் என்று மாறி மாறி வருகிறது.

கட்டாயத்தை ஒழிக்க முடியாது. அதனால் முறை மாற்றிப் பங்குபோடு. இரண்டு ஆட்டத்திலும் நியாயத்துக்கான வழி இதுதான். போக்கரில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். டீலர் முறை முடிந்ததும் 'சரி, நான் கிளம்புறேன்' என்று எழுந்தால் சின்னதாக ஒரு சாதகம் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஏன் காசு கரைகிறது?

காசு வைத்து ஆடிய எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

முதலாவது, அதிர்ஷ்டத்தின் ஆட்டம். இந்த வகைப் போக்கரில் ஒரு ஆட்டத்துக்கு ஏற்ற இறக்கம் சுமார் 5 பெரிய பிளைண்ட், அதாவது 50 டோக்கன். 100 ஆட்டத்தில் அது சுமார் 500 டோக்கன் வரை இப்படியும் அப்படியும் ஆடும். 100 ஆட்டமும் டீலராகவே உட்கார்ந்தாலும் இடத்தால் கிடைப்பது 88 டோக்கன்தான். இடத்தின் பலம் அதிர்ஷ்டத்துக்குச் சமமாக நிற்கவே சுமார் 3,200 ஆட்டம் வேண்டும். ஒரு ராத்திரி ஜெயித்ததை வைத்து 'எனக்குத் திறமை இருக்கு' என்று முடிவுக்கு வருவதில் உள்ள ஆபத்து இதுதான்.

இரண்டாவது, கமிஷன். காசு வைத்து ஆட வைக்கும் கிளப்போ ஆப்போ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கு எடுக்கும். உதாரணத்துக்கு, 60 டோக்கன் பாட்டில் 5% என்றால் 3 டோக்கன். கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த இடத்தின் மொத்த மதிப்பே 0.88 தான்!

இருவரும் செஃபியஸ் மாதிரி தப்பில்லாமல் ஆடினால், இடத்தின் லாபம் முறை மாறி பூஜ்ஜியமாகும். ஆனால் கமிஷன் முறை மாறாது. விடிய விடிய ஆடினால் இரண்டு பேரும் தோற்பார்கள். மேசைக்காரர் மட்டும் ஜெயிப்பார். எதிராளியை விட நன்றாக ஆடினால் மட்டும் போதாது, கமிஷனையும் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும்.

மூன்றாவது, எதிரே இருப்பது மனிதரா என்ற கேள்வி. 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ், வரம்பே இல்லாத 'நோ-லிமிட்' போக்கரிலும் முன்னணி ஆட்டக்காரர்கள் 4 பேரை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் ஆளைப் பார்க்கலாம். ஸ்கிரீனில் பார்க்க முடியாது.

திறமையா, அதிர்ஷ்டமா? கோர்ட் என்ன சொன்னது?

இந்தக் கேள்விக்கான சட்டப் பாதையிலும் தமிழ்நாட்டுக்கு முக்கிய இடம் உண்டு.

* 1967: ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.
* 1996: குதிரைப் பந்தயமும் திறமை விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கு. ஊட்டியில் கோடை சீசன் குதிரைப் பந்தயத்தை நடத்தி வந்ததும் இதே கிளப்தான்.
* 2021 ஆகஸ்ட்: ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்த தமிழக அரசின் சட்டத் திருத்தத்தை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.
* 2022: ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து தற்கொலைகள் நடந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பிறகு அவசரச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலோடு அது முழுச் சட்டமானது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.
* 2023 நவம்பர்: சட்டத்தை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மி, போக்கர் இடம்பெற்ற அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது.
* 2025 ஆகஸ்ட்: மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல், காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் அது தடை செய்தது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

செஃபியஸ் கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு தரப்பு வாதத்திலும் உண்மை இருக்கிறது. நீண்ட காலத்தில் தோற்காத ஒரு ஆட்டமுறை இருப்பதால், இதில் திறமை நிச்சயம் உண்டு. ஆனால் அந்தத் திறமை வெளியே தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டம் தேவை. மாதச் சம்பளத்தை வைத்து ஆடுகிற ஒருவரின் பணம் அவ்வளவு நாள் தாங்குமா என்பதுதான் கேள்வி.

சுருக்கமாக...

* பெரிய பிளைண்ட் கட்டியவருக்கு மலிவு விலையில் உள்ளே வர வழி கிடைக்கிறது. ஆனால் 3 சுற்றில் முதலில் பேச வேண்டிய கஷ்டம் அதைச் சாப்பிட்டுவிடுகிறது.
* தப்பில்லாமல் ஆடினால் டீலருக்கு ஆட்டத்துக்கு 10-க்கு 0.88 டோக்கன் சாதகம்.
* டீலர் முறை மாறுவதால் அந்தச் சாதகம் சமமாகிவிடும். கமிஷன் மட்டும் சமமாகாது.
* ஒரு ராத்திரி வெற்றி திறமைக்குச் சான்று இல்லை. ஒரு ராத்திரி தோல்வியை அடுத்த ராத்திரி மீட்டுவிடலாம் என்பதற்கும் எந்தக் கணக்கும் இல்லை.

ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து மீள முடியாமல் தவிப்பவர்களும், மன அழுத்தத்தில் இருப்பவர்களும் தமிழக அரசின் 104 அல்லது டெலி மானஸ் 14416 எண்ணை எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.